பெரிய கோயில் நிழல்: மேற்கோள் தேடித் தர முடியுமா?

வணக்கம் நண்பர்களே. விக்கிப்பீடியாவில் தஞ்சைப் பெரிய கோயில் பற்றிய பகுதியில், 'விமானத்தின் நிழல் தரையில் விழாது' என்ற வரியை ஒருவர் திரும்பத் திரும்பச் சேர்க்கிறார். சான்றாக ஒரு செய்தித்தளத்தின் ஆன்மிகப் பக்கத்தைக் காட்டுகிறார். நான் இரண்டு முறை நீக்கிவிட்டேன், அவரும் இரண்டு முறை மீட்டுவிட்டார். ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்பதால் கையைக் கட்டிக்கொண்டு, உரையாடல் பக்கத்தில் எழுதிவிட்டுக் காத்திருக்கிறேன்.

காலை எட்டு மணிக்குப் போனால், விமானத்தின் பின்னால் மேற்குப் பக்கம் கல் பாவிய தரையில் நிழல் நீளமாகக் கிடக்கும். நானே படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அதை வைத்து நானே முடிவு எழுதினால் 'சொந்த ஆய்வு' ஆகிவிடும்; வெளியான சான்று இல்லாமல் நாமே கண்டறிந்ததை விக்கிப்பீடியாவில் எழுதக் கூடாது. அந்த விதி சரியானதுதான், அதை மீற எனக்கு மனமில்லை.

அதனால் கேட்கிறேன்: நிழல் விழும் என்று தெளிவாகச் சொல்லும் கல்வெட்டு அறிஞர் அல்லது தொல்லியல் துறையினர் எழுதிய நூல் யாரிடமாவது இருக்கிறதா? பதிப்பு ஆண்டும் பக்க எண்ணும் வேண்டும். அப்புறம், நேரம் இருப்பவர்கள் உரையாடல் பக்கத்துக்கு வந்து இரு தரப்பையும் படித்து உங்கள் கருத்தை எழுதுங்கள். எனக்கு ஆதரவாகத்தான் எழுத வேண்டும் என்றில்லை. அந்தப் பயனரும் கோயில் மேல் உள்ள பற்றால்தான் சேர்க்கிறார், அவரிடம் கடுமையாகப் பேச வேண்டாம்.