பெர்த் மொரிசோ: திறமையா, மனே குடும்பத்தின் தயவா?

தூரிகைக்காரன்:
1874இல் பாரிசில் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் (கணநேர ஒளியையும் தோற்றத்தையும் பிடிக்க முயன்ற ஓவியர்கள்) கண்காட்சியின் ஒரே பெண் ஓவியர் என்று மொரிசோவைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். சரி. அப்பா பெரிய அரசு அதிகாரி, வீட்டுத் தோட்டத்திலேயே ஸ்டூடியோ, இயற்கைக்காட்சி ஓவியர் கொரோவிடம் பாடம், அதே ஆண்டு பிரபல ஓவியர் எதுவார் மனேயின் தம்பியோடு கல்யாணம். இவ்வளவும் அமைந்தால் யார்தான் வரைய மாட்டார்கள்?

மல்லிகா_வ:
எட்மா வரையவில்லையே! கூடப்பிறந்த அக்கா. அதே வீடு, அதே கொரோ. 1869இல் கடற்படை அதிகாரியைக் கட்டிக்கொண்டார், ஓவியத்தை விட்டுவிட்டார். அவர் தன் குழந்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் பெர்த் 1872இல் வரைந்த 'தொட்டில்'. அப்புறம், சலோனில், அதாவது பாரிசின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியில், பெர்த்தின் படங்கள் முதலில் தேர்வானது 1864இல். மனே அறிமுகமானதோ 1868இல். கணக்கு உதைக்கிறதே?

தூரிகைக்காரன்:
எட்மா எனக்குத்தான் சாட்சி. பெர்த்தின் கணவர் யூஜீன், மனைவியின் கண்காட்சி வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவர். அப்படியொருவர் அமையாதிருந்தால் இவரும் இன்னொரு எட்மாதான்.

குமரன்77:
யூஜீன் சரி, அவருடைய அண்ணன் செய்த 'தயவு' தெரியுமா? 1870 சலோனுக்கு அனுப்ப, அம்மாவையும் அக்காவையும் வரைந்திருந்தார் பெர்த். கருத்துக் கேட்டதற்கு எதுவார் தூரிகையைப் பிடுங்காத குறையாக வாங்கி, அம்மாவின் உருவத்தையே மாற்றி வரைந்துவிட்டார். பெர்த்துக்கு ஒரே வேதனை. அந்த எதுவார் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சி எட்டில் ஒன்றில்கூடச் சேரவில்லை. பெர்த் ஏழில் இருந்தார். விட்டது 1879 மட்டும், மகள் ஜூலி பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

தூரிகைக்காரன்:
ஏழு கண்காட்சி, ஆனால் எத்தனை உலகம்? தொட்டில், தோட்டம், கண்ணாடி முன் ஒரு பெண். ஓவியர் சுசான் வலதோனைப் பாருங்கள். துணி வெளுப்பவரின் மகள், மாடலாக நின்று பிழைத்தவர். அவர் வரைந்த உடல்களில் இருக்கும் துணிச்சல் இங்கே எங்கே?

மல்லிகா_வ:
வலதோன் இவரைவிட 24 வயது இளையவர். அவருக்கும் ஓவியர் தெகா துணை நின்றார், அதை யாரும் தயவு என்று சொல்வதில்லை. மொரிசோ மாதிரி மேல்தட்டுப் பெண் அந்தக் காலத்தில் தனியாகக் காபி கடையில் உட்கார முடியாது. பாரிசின் அரசு ஓவியப் பள்ளியான எகோல் தே போஸார் 1897வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை. 1875இல் ஓத்தல் துருவோ என்ற பாரிஸ் ஏலக்கூடத்தில் இம்ப்ரெஷனிஸ்ட் படங்களை ஏலம் விட்டபோது கூட்டம் கூச்சல் போட்டு, போலீஸ் வரவேண்டியதாயிற்று. அங்கே சக ஓவியர்கள் மொனே, ரெனுவார் படங்களைத் தாண்டி அதிக விலைக்குப் போனது மொரிசோவின் படம், 480 பிராங்க்.

தூரிகைக்காரன்:
மொனேவுக்கு அந்தப் பணம் அடுப்பெரிய. விற்காவிட்டாலும் மறுநாள் வரையலாம் என்கிற நிலை மொரிசோவுக்கு இருந்தது. அதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.