டிவியில நியூஸ் வாசிக்கிறவங்கள நேர்ல பார்த்தவங்க உண்டா?

எங்கம்மா பார்த்தாங்க. சரியாச் சொன்னா, கேட்டாங்க.

மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) அம்மாவுக்குக் கீரை வியாபாரம். காலையில கித்தா (ரப்பர்) தோட்டத்துல பால்மரம் வெட்டு, வாரத்துல ஒரு சாயங்காலம் சந்தை. தோட்டத்து லயத்து வீட்டுல (வரிசை வீடு) டிவி முன்னால, அடுப்படி பின்னால. அரசு டிவி ஆர்டிஎம்-ல தமிழ்ச் செய்தி ஓடுற நேரம் அம்மா குழம்பு கூட்டிட்டு இருப்பாங்க. வருஷக்கணக்கா குரலக் கேட்டிருக்காங்களே தவிர, முகத்த ஒழுங்காப் பார்த்ததில்ல.

அன்னிக்குக் குனிஞ்சு கங்குங் கீரைக் கட்டுக்குத் தண்ணி தெளிச்சிட்டு இருந்தாங்க. "அக்கா, வாழைப்பூ எவ்வளவு?"ன்னு ஒரு குரல். எங்க தோட்டத்துல அது வாளப்பூ, இல்லாட்டி வாலப்பூ. அம்மா நிமிரவே இல்ல. "நீ நியூஸ் படிக்கிற பிள்ளதானே?"

டீ-சட்டை, சிலிப்பர், பொட்டு கூட இல்ல. தினமும் அந்த முகத்தையே பார்த்த எனக்கு அடையாளம் தெரியல!

'ழ' எப்படி இவ்வளவு சுத்தமா வருதுன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "அது பழகிரும் தம்பி. ஊர்ப் பேருதான் உயிர வாங்கும்." கம்பார், கோப்பெங், கிரிக் மூணுக்கும் தமிழ்ல ஒரே 'க'. பூசிங், பீடோர் ரெண்டுக்கும் ஒரே 'ப'. எது அழுத்தி, எது மெதுவான்னு எழுத்து சொல்லாது, ஊர் தெரிஞ்சிருக்கணும். எண்ணும் அப்படித்தானாம். 9,990-னு எண்ணாத்தான் எழுதியிருக்கும், வாய் தடுக்காம 'ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு'ன்னு வரணும். சொல்லிப் பாருங்க, நான் ரெண்டு தடவ உளறினேன்.

அம்மா விடல. "முந்தாநாள் ரொம்ப வேகமாப் படிச்சிட்டம்மா. கித்தா விலை என் காதுலயே விழல."

அந்த அக்கா சாரி சொன்னாங்க. நிஜமாவே.

—

எங்களுது கோலகங்சார் பக்கம் எஸ்டேட். நான் நேர்ல பார்த்ததில்ல, ஆனா இத சொல்லணும். நாட்டுல கலர் ஒளிபரப்பு 1978-லயே வந்திருச்சு. எங்க தோட்டத்துல கலர் பெட்டி ரொம்ப நாள் கிராணி (எஸ்டேட் கணக்கர்) வீட்டுல மட்டும்தான். எங்க கறுப்பு வெள்ளையில நியூஸ் வாசிக்கிறவங்க எந்தச் சேலை கட்டினாலும் சாம்பல் நிறம். இன்னிக்கு என்ன கலர்னு பாட்டிக்கும் சித்திக்கும் 20 காசு பந்தயம். மறுநாள் காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுல கிராணியக் கேட்டாத்தான் தீர்ப்பு. மனுஷன் பாதி நாள் "பார்க்கலியே"ம்பாரு. காசு பாட்டி முந்தானையிலயே தங்கிரும்.

—

அதெல்லாம் சரி, வாழைப்பூ வாங்கினாங்களா?

—

வாங்கினாங்க. ரெண்டு வெள்ளி (ரிங்கிட்). அம்மா குறைக்கல.