வட்டமாக உட்கார்ந்து பேசுகிறோம். பிள்ளைகள் சொல்வதை நான் எங்கே இறக்கி வைப்பது?

மஞ்சள்பை டீச்சர்:

திருவாரூர் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று முதல் மூன்று வரை தலைமையாசிரியர். நான்கும் ஐந்தும் என் பொறுப்பு. காலை உணவு முடித்துத் தட்டைக் கழுவிவிட்டுப் பிள்ளைகள் வந்ததும் நான் உடனே பாடத்தைத் தொடங்குவதில்லை. பாயை விரித்து வட்டமாக உட்கார்ந்துவிடுவோம். ஒரு பம்பரம் கைமாறும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம். பேச மனமில்லை என்றால் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். கேள்வி கேட்பதோ கேலி செய்வதோ கூடாது.

முதலில் ஆட்டுக்குட்டி, மாமாவின் புது பைக் என்றுதான் போனது. இப்போது வேறு கதைகள் வருகின்றன. போன வாரம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், "நேற்று அப்பா குடித்துவிட்டு வந்து சோற்றுப் பானையை உடைத்தார், அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டார்" என்று சொல்லிவிட்டுப் பம்பரத்தைப் பக்கத்தில் நீட்டினான். பக்கத்துப் பெண் அதை வாங்கிக்கொண்டு, "இன்றைக்கு மதியம் என் முட்டையை அவனுக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்றாள். அன்று எனக்குப் பாடம் ஓடவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குழந்தையின் முழு வளர்ச்சி, அச்சமில்லாத கற்றல் என்று நன்றாகவே சொல்கிறது. பயிற்சிகளிலும் அதையே திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரின் மனத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தயவுசெய்து தியானம் செய்யச் சொல்லாதீர்கள். செய்துகொண்டுதான் இருக்கிறேன், கண்ணை மூடினால் அந்தப் பானைதான் தெரிகிறது.

எட்டாம் வாய்ப்பாடு:

கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வகுப்பை ஒருவரே பார்க்கிறீர்கள், அதில் தினமும் இது வேறா? ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை என்றால் ஆறாம் வகுப்பில் அது தலைகுனிந்து நிற்கும். அதுவும் மனக்காயம்தான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

டீச்சர், நான் செயல்வழிக் கற்றல் காலத்து ஆள். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே செய்து, அவரவர் வேகத்தில் கற்கும் முறை அது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுவதும் வந்தது. ஆந்திராவின் ரிஷி வேலியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் உருவான முறை அதற்கு மூலம். பாட அட்டைகள், பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டும் ஏணிப் படம், சுவரோரம் பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை. ஆசிரியரும் பாயில் உட்கார வேண்டும் என்ற உத்தரவு வந்ததும் எங்கள் ஒன்றியத்தில் பாதிப் பேருக்கு மூட்டுவலி வந்துவிட்டது. (சிலருக்கு மெய்யாகவே இருந்தது.)

உட்கார்ந்த பிறகுதான் பலவற்றைப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் கூப்பிட்டால் திரும்பமாட்டான். திமிர் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்தபோது காதிலிருந்து சீழ் வடிந்து காய்ந்த தடம் தெரிந்தது. அதுவரை நின்றுகொண்டே பாடம் நடத்திய எனக்கு அவன் உச்சந்தலை மட்டுமே பழக்கம். அந்த முறையில் குறைகள் இருந்தன, ஏணியில் ஏற்றிவிடுவதே குறியாகிப்போன பள்ளிகளும் உண்டு. ஆனால் என்னை அது கொஞ்சம் ஆளாக்கியது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் முடிந்ததும் நாங்கள் நான்கைந்து பேர் டீக்கடையில் உட்காருவோம். வகுப்பில் மனத்தைப் பிசைந்ததை ஒருவர் சொல்வார். குழந்தையின் பெயரைச் சொல்லக்கூடாது. கேட்பவர்கள் யோசனை சொல்லக்கூடாது. இரண்டாவது விதிதான் கடினம், வாத்தியார்கள் அல்லவா! பக்கத்துப் பள்ளிகளில் இரண்டு பேரைப் பிடியுங்கள். பிள்ளைகளுக்கு வட்டம் போட்டுக் கொடுத்தவருக்கும் ஒரு வட்டம் வேண்டும்.

தண்ணீர்ப்பானை:

பள்ளிகளுக்கு மனநல ஆலோசகராகச் செல்பவள் நான். டீச்சர், அந்தப் பையன் உங்களிடம் தீர்வு கேட்கவில்லை. சொன்னான், நீங்கள் கேட்டீர்கள், பக்கத்துப் பெண் முட்டையைக் கொடுத்தாள். அன்றைக்கு அவனுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. அப்பாவைத் திருத்துகிற வேலையை உங்கள் தலையில் யாரும் ஏற்றவில்லை, நீங்களே ஏற்றிக்கொண்டீர்கள்.

ஆனால் வட்டத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். வீட்டுச் சண்டை வட்டத்தில் வந்தால் மாலைக்குள் தெரு முழுக்கப் போய்விடும். மறுநாள் அந்த அம்மா பள்ளி வாசலில் நிற்பார். "இங்கே நமக்குள் பேசக்கூடியதைப் பேசுவோம், மனத்துக்கு பாரமாக இருப்பதை என்னிடம் தனியாகச் சொல்லலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தனியாக வந்தால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தாலே, 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 21ஆம் பிரிவின் கீழ் தண்டனை உண்டு. "நீ சொன்னது நல்லது. உன்னைப் பாதுகாக்க உதவக்கூடிய பெரியவரிடம் மட்டும் சொல்வேன்" என்று சொன்னால் போதும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐயும், பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417ஐயும் பிள்ளைகளின் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள்.

மஞ்சள்பை டீச்சர்:

நன்றி. அந்த வரம்பை நாளையே சொல்லிவிடுகிறேன். ஐயா, எங்கள் ஊர் டீக்கடையில் பெண்கள் உட்கார்ந்து பேசினால் அதுவே ஊர்ப் பேச்சாகிவிடும். பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் இருவர் என்னோடு ஒரே பஸ்ஸில்தான் வருகிறார்கள், அவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். வாய்ப்பாடு அவர்களே, வட்டத்துக்கு நான் எடுப்பது பதினைந்தே நிமிடம். முன்பு அந்த நேரம் "சத்தம் போடாதே" என்று கத்துவதில் போய்க்கொண்டிருந்தது. கடன் வாங்கிக் கழித்தல் நடக்கிறது, கவலைப்படாதீர்கள்.

ஒரு சந்தேகம்: நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒன்றாக உட்கார வைக்கலாமா? ஐந்தாம் வகுப்புப் பெண்களுக்குச் சின்னவர்கள் முன்னால் பேசக் கூச்சம்.

தண்ணீர்ப்பானை:

ஒன்றாகவே இருக்கட்டும். பெரிய பெண்களை மட்டும் வாரம் ஒருமுறை மதிய உணவுக்குப் பிறகு தனியாகக் கூட்டிப் பேசுங்கள்.