கணக்கு தப்பாது, மேகம்தான் வழிவிட வேண்டும்: அரிய வானக் காட்சிகளைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

திருப்பூரிலிருந்து:

2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், உங்கள் ஊரில் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். வளையம் தெரியும் பாதை ஊட்டி, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் என்று போனதால் நாங்கள் எங்கேயும் கிளம்பிப் போக வேண்டியிருக்கவில்லை, எங்கள் வீட்டு மொட்டை மாடியே போதும். எட்டு மணி தாண்டியதும் சூரியனைக் கடித்த மாதிரி ஓரத்தில் ஒரு குறை விழுந்தது, கொஞ்ச நேரத்தில் மேகமும் வந்து சேர்ந்தது. ஒன்பதரைக்கு வளையம், அதுவும் மூன்று நிமிடம்தான், விட்டால் போச்சு. பல வருடம் முன்பே நொடிக் கணக்கில் எழுதி வைத்துவிட்ட ஒன்றுக்காக, பத்து நிமிடம் கழித்து வானம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் நின்றோமே, எனக்கு இதன் ருசியே அந்தத் தவிப்பில்தான் இருக்கிறது.

மேகம் மெலிந்தது. கிரகணக் கண்ணாடி வழியாக முழு வளையம்! நிலா நம்மை விட்டுத் தள்ளி இருக்கும்போது கிரகணம் வந்தால் அதன் வட்டம் சூரியனை மறைக்கப் பற்றாது, ஓரம் மிஞ்சிவிடும், இது பள்ளியில் படித்ததுதான். ஆனாலும் தெருவே கத்தியது. பக்கத்து வீட்டுப் பாட்டி கிரகண நேரத்தில் வெளியே தலைகாட்ட மாட்டார். அப்புறம் வெயில் வந்ததும் வேப்பமரத்தடியில் இலை இடுக்குகள் வழியாகத் தரையெங்கும் சின்னச் சின்னப் பிறைகளாக விழுந்ததைச் சொன்னோம், தரையைப் பார்ப்பதில் என்ன தோஷம் என்று அவரும் வாசலுக்கு வந்துவிட்டார். எனக்கு வளையத்துக்குச் சமமாக அதுவும் பிடித்தது.

புதுச்சேரியிலிருந்து:

மேகம் என்றதும் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளிக் கிரகம் சூரியனுக்கு முன்னால் கடந்து போவதைப் பார்க்க லெ ஜான்டீ என்ற பிரெஞ்சுக்காரர் 1760இல் பாண்டிச்சேரிக்குக் கப்பலேறினார். 1761இல் அவர் வந்து சேரும் முன்பே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் நடுக்கடலில் ஆடும் கப்பலிலிருந்துதான் பார்க்க முடிந்தது, அதை வைத்து அளவெடுக்க வழியில்லை. எட்டு வருடத்தில் இன்னொன்று வரும் என்பதால் ஊர் திரும்பாமல் இந்தப் பக்கமே தங்கி, கடைசியில் பாண்டிச்சேரியில் ஆய்வுக்கூடமும் கட்டிக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 விடியற்காலை மேகம் மூடிக்கொண்டது, கடப்பு முடிந்த பிறகுதான் வெயில் அடித்தது. அவர் அதற்கு முன் தங்கியிருந்த மணிலாவில் அன்று வானம் தெளிவு. பாவம், ஊருக்குத் திரும்பினால் அவர் இறந்துவிட்டதாகவே முடிவு கட்டியிருந்தார்கள்.

அவர் எழுதி வைத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. இங்கே தமிழர்கள் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிப்பதைப் பார்த்து அவர் அசந்துபோயிருக்கிறார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் அவர்கள் கணக்கு 41 நொடிதான் பிசகியது, அன்றைய ஐரோப்பிய அட்டவணை ஒரு நிமிடத்துக்கும் மேல் பிசகியது.

2004 ஜூன் 8இல் நான் அதே கடப்பைப் பைனாகுலர் வழியாக வெள்ளை அட்டையில் விழவைத்துப் பார்த்தேன். (பைனாகுலரில் நேராகச் சூரியனைப் பார்த்துவிடாதீர்கள், கண் போய்விடும்.) சூரியனின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும், ஒரு கறுப்புப் பொட்டு, மணிக்கணக்காக மெல்ல நகர்ந்தது. பார்க்க ஒன்றுமில்லை என்று சிலர் போய்விட்டார்கள். எனக்கு நகர மனமில்லை, அந்த மனிதர் பல வருடம் காத்திருந்தும் கிடைக்காதது என் அட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. 2012இல் மறுபடி வந்தது, இனி 2117 டிசம்பரில்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்களுக்கு 2010 ஜனவரி 15உம் கிடைத்தது, 2019உம் கிடைத்தது. 2010இல் வந்தது இந்த ஆயிரமாண்டிலேயே மிக நீண்ட கங்கண கிரகணம், மத்தியானம் ஒன்றரை மணியளவில் வெயில் நிறம் மாறி, உச்சி நேரத்திலும் சூடு குறைந்துபோனதை மறக்க முடியாது. போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. அவ்வளவு சனம் ஒன்றாக, பயமில்லாமல் வானத்தை அண்ணாந்து பார்த்து நின்றதைக் கண்டதும் அம்மம்மா அழுதுவிட்டார்.

அடுத்தது 2031 மே 21. கொச்சி, தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம், பிறகு எங்கள் பக்கம். கத்திரி வெயில் காலம், அதுவும் மதியம் என்பதால் மேகத் தொல்லை குறைவாக இருக்கும் என்று நம்புகிறேன். திருப்பூர்க்காரர் இந்தமுறை கொஞ்சம் தெற்கே இறங்கி வர வேண்டியிருக்கும், மதுரையில் யாராவது மொட்டை மாடி தருவீர்களா?