பெரணித் துரு: உறைக்குள் பார்த்தது, ஓடைக்கரையில் பார்த்தது

இங்கிலாந்தில் ஒரு அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகப் பூஞ்சை மாதிரிகளின் லேபிள்களைக் கணினியில் ஏற்றுகிறேன். அதிகம் கைக்கு வருவது மிலேசினா, பெரணி (ஃபெர்ன்) இலையில் ஒட்டுண்ணியாக வாழும் துருப் பூஞ்சை.

மாதிரி என்றால் மடித்த காகித உறை, உள்ளே காய்ந்த இலைத் துண்டு, அவ்வளவுதான். மேல்பக்கம் மங்கிய பழுப்புத் திட்டு. கீழ்ப்பக்கம் லென்ஸ் வைத்தால் ரவை சிந்தினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். கோதுமைத் துருவின் ஆரஞ்சுப் பொடியை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இதன் ஸ்போர்களுக்கு, அதாவது விதைபோல் பரவும் நுண்துகள்களுக்கு, நிறமே கிடையாது.

தலைவலி எல்லாம் பெயரில்தான். பழைய உறையில் 'மிலேசியா' என்றிருக்கும். 1909-ல் பூஞ்சை ஆய்வாளர் மாக்னஸ் வைத்த 'மிலேசினா' வேறொரு கையெழுத்தில் ஓரமாக ஏறியிருக்கும். பெரணியின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது: ஸ்கோலோபெண்ட்ரியம், ஃபில்லிட்டிஸ், இப்போது ஆஸ்ப்ளீனியம். எல்லாம் ஒரே ஹார்ட்ஸ் டங் பெரணி! ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பல உறைகள் சிக்காது. அதனால் எந்தச் செடியில் எடுத்தது என்ற வரியைத்தான் முதலில் படிப்பேன். அடுத்தது மாதம். குளிர்கால மாதங்கள் நிறைய வரும்.

—

குளிர்காலம் சரிதான் அக்கா. வேல்ஸில் ஓடைக்கரையில் நான் பார்த்ததும் ஜனவரியில்தான். மற்ற செடியெல்லாம் கருகிக் கிடக்க, ஹார்ட்ஸ் டங் மட்டும் பச்சையாக நின்றது. இலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் திட்டு தெரிகிறது. ஒரு சந்தேகம்: இந்தத் துரு தங்கி வாழும் இன்னொரு செடி, அதாவது ஓம்புயிர், சில்வர் ஃபிர் என்ற ஊசியிலை மரம் என்கிறார்கள். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் அந்த மரமே இல்லையே?

—

தேவையில்லை தம்பி. அது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். அது இல்லாமலே யூரிடியோஸ்போர் என்ற ஒருவகை ஸ்போர் மூலம் பெரணிக்குப் பெரணி தொற்றிக் காலம் தள்ளும் இந்தத் துரு. ஃபிர் ஊசியிலை உள்ள உறை வந்தால் நான் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன்.

—

நான் பெரணித் தாள்கள் (காய்ந்த பெரணியை ஒட்டிவைத்த தாள்கள்) பக்கம் வேலை பார்க்கிறவன். பூஞ்சை அலமாரியோடு தேடலை முடித்துவிடாதீங்க. விக்டோரியா காலத்தில் பெரணிப் பித்து பிடித்து ஆளாளுக்குப் பறித்து ஒட்டிவைத்தார்கள். அவர்களுக்கு வேண்டியது பெரணி. துரு இருந்தாலும் லேபிளில் ஒரு வார்த்தை இருக்காது. இலையின் கீழ்ப்பக்கம் தெரியும்படி ஒட்டியிருந்தால் நம் அதிர்ஷ்டம். ஆனால் பெரணியின் சொந்த ஸ்போர் கூட்டத்தைத் துரு என்று எண்ணிவிட வேண்டாம். ஹார்ட்ஸ் டங்கில் அது கோடு கோடாகச் சீராக நிற்கும், துரு ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். கண்டுபிடித்தால் கிள்ளி எடுக்காமல், தாள் எண்ணைப் பொறுப்பாளரிடம் கொடுங்க. பூஞ்சைப் பதிவிலும் அந்த எண்ணைச் சேர்த்துவிடச் சொல்லுங்க.