ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக், ஹார்ட்கோர்: எதைச் சுடுவது, எதை விட்டு ஓடுவது

2019 ஜனவரியில் கேப்காம் வெளியிட்ட ரீமேக்கைப் பற்றித்தான், அதிலும் ஹார்ட்கோர் என்ற மிகக் கடினமான நிலையைப் பற்றித்தான் இங்கே பேச்சு; ஆளுக்கொரு பகுதியாக எழுதிய குறிப்புகள் இவை. 1998இல் வந்த பழைய கேம் அல்ல. ஆடக்கூடிய இருவர் லியோனும் கிளேரும்; ஒருவரை வைத்துக் கதையை முடிப்பது முதல் ரன், பிறகு மற்றவரை வைத்து முடிப்பது இரண்டாவது ரன். லியோனின் முதல் ரன்னை வைத்துத் தொடங்குகிறேன்.

ஸ்டாண்டர்ட் என்ற சாதாரண நிலையில் முடித்துவிட்டு ஹார்ட்கோருக்கு வருகிறவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே திணறுவார்கள். குறி தவறுவதால் அல்ல. எதிரில் வருவதையெல்லாம் சுட்டு வீழ்த்தியே பழகிய கை அது. ஹார்ட்கோரில் ஸோம்பி கூடுதல் தோட்டா வாங்கும், ஒரே கடியில் உடம்பு டேஞ்சர், அதாவது சாவுக்கு அருகில் உள்ள நிலைக்கு இறங்கிவிடும். ஆட்டோசேவ் கிடையாது, டைப்ரைட்டரில் ஒவ்வொரு சேவுக்கும் ஒரு இன்க் ரிப்பன் போய்விடும். எல்லாவற்றையும் கொன்றுவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் மேற்குப் பகுதி முடிவதற்குள் துப்பாக்கி காலி.

ஒவ்வொரு ஸோம்பியிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வழியாக இன்னும் எத்தனை தடவை போக வேண்டியிருக்கும்? ஒரே தடவை என்றால் சுடவே கூடாது, சுற்றிக்கொண்டு போய்விட வேண்டும். இரண்டு தடவை என்றால் காலை மட்டும் உடைத்துத் தரையில் தவழ விட்டால் போதும். அதற்கு மேல் என்றால் முழுதாகக் கொன்றுவிடுவதுதான் லாபம். தரைத்தளத்தில் டைப்ரைட்டர் இருக்கும் டார்க் ரூமைச் சுற்றியுள்ள மேற்கு நடைபாதையும் அதை ஒட்டிய படிக்கட்டும் இந்த மூன்றாவது வகை. அங்கே செலவழிக்கும் தோட்டா வீண் போகாது. பலகை கிடைத்ததும் முதலில் அடைக்க வேண்டியதும் அந்த நடைபாதையின் ஜன்னல்களைத்தான். எல்லா ஜன்னலுக்கும் பலகை போதாது. அதிகம் நடக்காத பக்கத்தில் ஆணி அடித்து வீணாக்க வேண்டாம்.

தாண்டிப் போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அகலமான இடமாக இருந்தால் ஸோம்பியை ஒரு பக்கம் இழுத்துவிட்டு, அது கையை நீட்டிப் பாயும் நேரத்தில் ஒரு எட்டு பின்வாங்கி, மறுபக்கமாக ஓட வேண்டும். குறுகிய இடத்தில் இது வேலைக்கு ஆகாது. அங்கே நின்று, குறிவட்டம் முழுதாகச் சுருங்கும்வரை பொறுத்து, தலையில் ஒன்றிரண்டு தோட்டா. அது பின்னால் தள்ளாடும் அந்த நொடியில் தோளை ஒட்டி நழுவிவிட வேண்டும். நடந்துகொண்டே சுட்டால் வட்டம் சுருங்காது. சுருங்காமல் சுட்டால் சேதமும் குறைவு, தலை சிதறும் வாய்ப்பும் குறைவு. ஹார்ட்கோரில் தோட்டா பற்றாக்குறையின் பாதிக் காரணம் இந்தப் பொறுமையின்மைதான்.

*

மேலே சொன்னதோட கத்தியையும் சேர்த்துக்கோங்க ப்ரோ. நிறைய பேர் கத்தியை வெட்டுறதுக்கு மட்டும்தான் வெச்சிருக்காங்க. ஹார்ட்கோர்ல அதோட முதல் வேலை உயிர்க்காப்பு. ஸோம்பி பிடிச்சதும் சப் வெப்பன் (கத்தி, கிரனேடு மாதிரி துணை ஆயுதம்) பட்டனை அமுக்கினா கத்தி அதோட உடம்புல இறங்கிடும், கடி படாது. ஆனா கத்தி அங்கேயே நின்னுடும். அந்த ஸோம்பியைச் சாய்ச்சாத்தான் திரும்ப எடுக்க முடியும், தேய்மானமும் ஏறும். அதனால ஒரு ஃப்ளாஷ் கிரனேடும் கூடவே இருக்கட்டும். ரெண்டு மூணு பேர் சேர்ந்து நெருக்கும்போது பிடிக்கிறவன் வாயில அதைத் திணிச்சா, சுத்தி நிக்கிறவங்களும் கொஞ்ச நேரம் செயலிழந்துடுவாங்க.

விழுந்து கிடக்கிற உடம்பை நம்பவே நம்பாதீங்க. செத்த மாதிரி கிடந்து காலைப் பிடிக்கிறது இந்த கேமோட வழக்கம். பக்கத்துல போறதுக்கு முன்னாடி தூரத்துல நின்னு காலை ஒரு கத்தி வீச்சு வெட்டிப் பாருங்க. உடம்பு அசைஞ்சா இன்னும் உயிர் இருக்கு. எழுந்திருக்கறதுக்குள்ள கத்தியாலேயே காலை வெட்டித் துண்டிச்சுட்டா தோட்டா மிச்சம்.

இன்னொண்ணு. இதைவிட ஈஸியான லெவல்ல விளையாடும்போதே அங்கங்க ஒளிச்சு வெச்சிருக்கிற பதினஞ்சு மிஸ்டர் ரக்கூன் பொம்மையையும் உடைச்சு முடிச்சிடுங்க. உடையாத கத்தி கிடைக்கும். ஹார்ட்கோருக்கு அதைவிடப் பெரிய முன்னேற்பாடு எதுவும் இல்லைன்னு அடிச்சுச் சொல்லுவேன்.

*

நேரத்தையும் நடையையும் மிச்சப்படுத்த, குறிப்புகளைத் தேடி அலையாமல் பூட்டுகளின் எண்களையும் எழுத்துகளையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இவை மாறுவதில்லை.

மேற்கு அலுவலகத்து சேஃப்: இடது 9, வலது 15, இடது 7. உள்ளே ஹிப் பவுச். இதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். எட்டு இடங்களோடு தொடங்கும் இன்வென்டரியில் கூடுதலாக இரண்டு இடம் வருவது ஹார்ட்கோரில் ஒரு துப்பாக்கிக்குச் சமம். இரண்டாம் தளம் கிழக்கில் வெயிட்டிங் ரூம் சேஃப்: இடது 6, வலது 2, இடது 11. சாக்கடைப் பகுதி சேஃப்: இடது 2, வலது 12, இடது 8. எழுத்துப் பூட்டுகளில் இரண்டாம் தளத்து ஷவர் ரூமில் சி-ஏ-பி, மூன்றாம் தளத்தில் டி-சி-எம், சாக்கடை கண்ட்ரோல் ரூமில் எஸ்-இசட்-எஃப். லியோனின் மேசையில் இருக்கும் இரண்டு பூட்டுகள் என்-இ-டி, எம்-ஆர்-ஜி.

முதல் ரன்னில், சின்னங்களைச் சரியாகத் திருப்பினால் மெடல் தரும் மூன்று சிலைகள்: சிங்கத்துக்குச் சிங்கம், கிளை, பறவை. யூனிகார்னுக்கு மீன், தேள், குடம். கன்னிச் சிலைக்குப் பெண், வில், பாம்பு. இரண்டாவது ரன்னில் சிலைகளின் விடை மட்டும் வேறு. அங்கே இதைப் போட்டுவிட்டுத் திறக்கவில்லையே என்று நிற்க வேண்டாம்.

சேஃப்டி டெபாசிட் ரூமில் விசைப்பலகையில் 2, 3 இரண்டும் இருக்காது. போர்ட்டபிள் சேஃப் திறந்தால் மாற்று விசைகள் கிடைக்கும். அந்த சேஃபில் எட்டு பட்டன்கள். பச்சை விளக்கு வட்டமாக வரிசைப்படி எரிய வேண்டும், ஒன்று தப்பினாலும் முதலிலிருந்து. வரிசை ஆளாளுக்கு மாறும் என்பதால் விடை தேடிப் பயனில்லை. முதல் விளக்கு எந்த பட்டனுக்கு எரிகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாக நினைவில் வைத்துக்கொண்டு போனால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். விசைகளைப் பொருத்தியதும் முதலில் 203ஐத் திறந்து இன்னொரு ஹிப் பவுச்சை எடுத்துவிடுங்கள். அதே அறையில்தான் லியோனுக்கு ஷாட்கன், கிளேருக்கு கிரனேட் லாஞ்சர்.

மேப்பில் சிவப்பாக இருக்கும் அறையில் இன்னும் பொருள் இருக்கிறது, நீலமானால் காலி. சாவியின் மேல் சிவப்பு டிக் வந்துவிட்டால் உடனே எறிந்துவிடலாம். வேலை முடிந்த சாவியைச் சுமந்துகொண்டு, மூலிகையை எடுக்க இடமில்லாமல் விட்டுவிட்டுப் போவது தவிர்க்கக்கூடிய இழப்பு.

*

இன்வென்டரி பற்றிப் பேச்சு வந்ததால் வெடிமருந்து. சாதா கன்பவுடர் இரண்டைக் கலந்தால் கைத்துப்பாக்கித் தோட்டா. லியோனுக்குச் சாதாவோடு மஞ்சளைக் கலந்தால் ஷாட்கன் தோட்டா, மஞ்சள் இரண்டு சேர்ந்தால் மேக்னம் என்ற வலுவான துப்பாக்கிக்குத் தோட்டா. கைக்கு வந்ததும் கலக்கத் தோன்றும். கலக்காமல் ஐட்டம் பாக்ஸில் போட்டு வையுங்கள். அடுத்து என்ன தேவை என்று தெரிந்த பிறகு கலப்பதே சரி. போலீஸ் ஸ்டேஷன் வரை மஞ்சளை ஷாட்கனுக்கே ஒதுக்கலாம், மேக்னம், கடைசிப் பகுதியான நெஸ்ட் ஆய்வகத்துக்கு.

லியோனின் கைத்துப்பாக்கியான மடில்டாவுக்கு வரும் கன் ஸ்டாக்கை (தோளில் தாங்கும் கட்டை) பொருத்தவே வேண்டாம் என்பது என் கருத்து. துப்பாக்கி இரண்டு இடம் பிடிக்கும், மும்மூன்றாகத் தோட்டாவைத் துப்பும். தோட்டா எண்ணி வாழும் இடத்தில் அது ஆடம்பரம்.

மூலிகையில் சிவப்பைத் தனியாகச் சாப்பிட முடியாது. பச்சையோடு சிவப்பு சேர்ந்தால் முழு குணம். அதோடு நீலமும் சேர்ந்தால் விஷமும் தீரும், கொஞ்ச நேரத்துக்கு அடியின் வலுவும் குறையும். இந்த மூன்றும் கலந்ததை பாஸ் சண்டைக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டு இறங்குவது ஹார்ட்கோரில் பலரும் கவனிக்காத வழி. வெளியே கிளம்பும்போது கைத்துப்பாக்கி, ஷாட்கன், ஒரு மருந்து, ஒரு சப் வெப்பன். மீதி இடங்கள் காலியாகவே இருக்கட்டும்.

*

ஸ்டேஷன் முழுக்க நம்மைத் துரத்துற ராட்சத ஆள் மிஸ்டர் எக்ஸ் வந்த பிறகு என்ன செய்யணும்னு யாரும் இன்னும் சொல்லலையே.

ஹெலிகாப்டரைத் தூக்கிட்டு அவன் வர்ற நேரத்துக்குள்ள ஸ்டேஷன்ல உங்க வேலை எவ்வளவு குறைவா மிச்சம் இருக்கோ அவ்வளவு நல்லது. அவனைக் கொல்ல முடியாது. தலையில தொடர்ந்து சுட்டா முட்டி போட்டுக் கொஞ்ச நேரம் நிப்பான், ஆனா ஹார்ட்கோர்ல அதுக்கு ஆகுற தோட்டாவுக்கு அந்தக் கொஞ்ச நேரம் தகாது. வேற வழியே இல்லாத முட்டுச் சந்துல ஒரு ஃப்ளாஷ் கிரனேடு, அவ்வளவுதான்.

அவன் காலடிச் சத்தத்தைக் கேட்கப் பழகணும். ஹெட்ஃபோன் கட்டாயம். மேல் தளமா, கீழ் தளமா, சுவருக்கு அந்தப் பக்கமான்னு சத்தத்துலயே பிடிபடும். துப்பாக்கிச் சத்தமும் ஓட்டமும் அவனைக் கூட்டிட்டு வரும். டார்க் ரூமுக்குள்ள வர மாட்டான். மெயின் ஹால்ல டைப்ரைட்டரும் ஐட்டம் பாக்ஸும் இருக்குன்னு அதையும் பாதுகாப்பான இடமா நினைச்சுடாதீங்க, அங்க தாராளமா வருவான்.

நேருக்கு நேரா மாட்டினா திரும்பி ஓடுறதைவிட அவனைத் தாண்டிப் போறதுதான் பல இடத்துல சரியான வழி. கிட்டப் போய் நின்னா குத்து ஓங்குவான். ஓங்கினதும் ஒரு எட்டு பின்னால, குத்து காத்துல போனதும் அவன் பக்கவாட்டுல ஓட்டம். லைப்ரரி மாதிரி சுத்தி வர இடம் இருக்கற அறையில அவனை உள்ளே இழுத்து, ஒரு சுத்து சுத்திட்டு, அவன் வந்த கதவு வழியாவே வெளியே போயிடலாம்.

ரொம்ப மோசமான கலவை அவனும், லிக்கர்ங்கற நீள நாக்கு மிருகமும். லிக்கருக்குக் கண் தெரியாது, காதுதான். ஸ்டிக்கை லேசாத் தள்ளி மெதுவா நடந்தா அது மேல இடிக்காத வரைக்கும் பக்கத்துலயே போகலாம். ஆனா பின்னால எக்ஸ் வந்தா மெதுவா நடக்க முடியாது, ஓடினா லிக்கர் பாயும். அதனால லிக்கர் இருக்கற நடைபாதைக் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி எக்ஸை வேற தளத்துக்கு இழுத்து விட்டுட்டு, சுத்தி வந்து நுழையுங்க. நேரம் போகும், பரவாயில்லை.

*

எஸ் பிளஸ் என்ற உச்ச ரேங்க் வேண்டுமென்றால் ஹார்ட்கோர் முதல் ரன்னை இரண்டரை மணி நேரத்துக்குள், மூன்று சேவுக்கு மிகாமல் முடிக்க வேண்டும். அந்த மூன்றையும் எங்கே வைப்பது என்பதுதான் திட்டத்தின் அச்சாணி. மெடல் மூன்றும் கையில் இருக்க, கீழே இறங்குவதற்கு முன் மெயின் ஹாலில் ஒன்று. போலீஸ் ஸ்டேஷன் வேலையெல்லாம் முடிந்து சாக்கடைக்குப் போகுமுன் ஒன்று. நெஸ்ட்டுக்குள் நுழைந்ததும் ஒன்று. ரேங்க் பற்றிக் கவலையில்லாதவர்கள் ரிப்பனைக் கஞ்சத்தனமாக வைத்திருக்க வேண்டாம். சாவி ஒன்று கிடைத்தால் ஒரு சேவ் என்று போகலாம்.

உருமாறிக்கொண்டே திரும்ப வரும் ஜி என்ற அரக்கனுடன் முதல் சண்டைக்கு இறங்கும்போது ஷாட்கன் தோட்டா பத்துக்குக் குறையக் கூடாது. வலது தோளில் ஆரஞ்சுக் கண் திறக்கும்போது மட்டும் சுட வேண்டும். மூடியிருக்கும்போது உடம்பில் சுடுவது தோட்டாவைக் கொட்டுவது. நடுவில் உள்ள இயந்திரங்களைச் சுற்றியே ஓடுங்கள். முட்டுச் சந்தில் நின்று குறிவைக்காதீர்கள். கழுத்தைப் பிடித்தால் கைக்குண்டு.

சாக்கடையில் முதலை துரத்தும் இடத்தில் அது எந்தப் பக்கம் தலையைச் சாய்க்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும், கேஸ் குழாயை அது வாயில் கவ்வும்போது சுட வேண்டும். ஜி-அடல்ட் என்ற விஷமுள்ள சாக்கடை உயிரிகளைச் சண்டைக்கு இழுக்காமல் தாண்டிவிடலாம், நீல மூலிகை ஒன்று கையில் இருந்தால் போதும். ஜியின் இரண்டாம் வடிவத்தைக் கண்டெய்னர்தான் வீழ்த்தும், துப்பாக்கி அல்ல. சுட்டு நிலைகுலைய வைப்பது, கிரேன் பாதையில் நிற்கும்போது சுவிட்சைத் தட்டுவது, கண்டெய்னர் இரண்டு தடவை மோத வேண்டும். சீக்கிரம் தட்டினால் மோதாமல் போய்விடும், மறுபடி சுற்றி வரும்வரை ஓட வேண்டியதுதான்.

*

நெஸ்ட்டில் செடி ஸோம்பிகளுக்கு ஃப்ளேம்த்ரோயர் எரிபொருளை முன்கூட்டியே மிச்சம் பிடித்து வையுங்கள். அது பிடித்தால் உடனே சாவு, உடம்பு முழு நலத்தில் இருந்தாலும் சரி. சப் வெப்பன் ஒன்றுதான் காப்பாற்றும். உடம்பில் உள்ள ஆரஞ்சு முண்டுகளைச் சுட்டால் விழும், ஆனால் எரிக்காவிட்டால் திரும்ப எழும். திரும்பி வர வேண்டிய வழியில் உள்ளதை எரியுங்கள், மற்றதைத் தாண்டுங்கள்.

மேக்னம் முழுவதும் ஜியின் மூன்றாம் வடிவத்துக்கு. அதற்குப் பிறகு லிஃப்ட்டில் வரும் சூப்பர் டைரண்ட்டிடம் (மிஸ்டர் எக்ஸின் உருமாறிய வடிவம்) தோட்டாவைவிட ஓட்டம் முக்கியம். அவன் பெரும் பாய்ச்சலுக்குத் தயாராகும்போது மார்பில் துடிக்கும் இதயத்தைச் சுட்டு அதை முறிக்க வேண்டும், அந்த அடி விழுந்தால் பிழைக்க முடியாது. ராக்கெட் லாஞ்சர் வரும்வரை தாக்குப்பிடித்தால் முடிந்தது. எடுத்ததும் பதறாமல் குறியை நேராக வைத்துச் சுடுங்கள்.

இரண்டாவது ரன் ஆடுகிறவர்கள் இங்கேயே எல்லாவற்றையும் செலவழிக்க வேண்டாம். அதற்குப் பிறகு ரயிலில் ஜியின் கடைசி வடிவம் காத்திருக்கிறது. வாய்க்கு நடுவே தெரியும் கண்ணில் சுட, ஷாட்கன் தோட்டா கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும்.