மாங்காய்த் தொக்கு லேபிள்: உலாவியிலேயே வடிவமைக்க வழி உண்டா?

கேள்வி – தொக்குக்காரி

வணக்கம். போச்சம்பள்ளி அருகே எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு மாங்காய்த் தொக்கு தயாரித்து விற்கிறது. லேபிளில் விலையை மாற்றுவதென்றால்கூட ஒவ்வொரு முறையும் கிருஷ்ணகிரியில் உள்ள அச்சகத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டியுள்ளது. எங்களிடம் இருப்பது பழைய மடிக்கணினி. பெரிய மென்பொருள் எதையும் அது தாங்காது. உலாவியில் இயங்கும் திறந்தமூலப் படத்தொகுப்பி எது? இலவசமாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துருவை விற்பனைப் பொருளின் லேபிளில் பயன்படுத்தினால் பிற்பாடு யாரேனும் உரிமை கோர முடியுமா?

பதில் – காவேரிப்பட்டணத்தான்

அம்மா, உரிமத்தை முதலில் பார்ப்போம். இலவசம் என்பதும் கட்டற்றது என்பதும் ஒன்றல்ல. "தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்" என்று குறிப்பிட்டுத் தரப்படும் எழுத்துருக்கள் இணையத்தில் ஏராளம், அவற்றை லேபிளில் இடக் கூடாது. எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் (ஓஎஃப்எல், பதிப்பு 1.1, 2007) வெளியானவற்றை வணிகத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியே விற்கக் கூடாது என்பதுதான் அதன் முக்கியத் தடை. அதைக் கொண்டு நீங்கள் உருவாக்கும் லேபிளை அந்த உரிமம் கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. முக்த மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை ஆகிய நான்கும் இவ்வகையைச் சேர்ந்தவை. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் கிடைக்கும்.

உலாவியில் இயங்கும் தொகுப்பிகளில் மினிபெயின்ட், எஸ்விஜி-எடிட் இரண்டும் எம்ஐடி என்ற திறந்தமூல உரிமம் கொண்டவை. பலர் பரிந்துரைக்கும் ஃபோட்டோபியா உலாவியில் இயங்கினாலும் திறந்தமூலம் அன்று. தொக்கின் புகைப்படத்தை வெட்டித் திருத்த மினிபெயின்ட் போதும். படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. நான்கு அங்குலத்துக்கு மூன்று அங்குல லேபிளுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 1200 × 900 பிக்சல்தான் வரும் என்பதால் பழைய கணினியும் தாங்கும். பத்தடி ஃபிளெக்ஸுக்கு இந்த வழி ஒத்துவராது.

பதில் – பென்னாகரம் அச்சுக்கோப்பு

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் எழுத்துகளை மினிபெயின்டில் இடாமல் எஸ்விஜி-எடிட்டில் இடுவதே என் பரிந்துரை. உலாவித் தொகுப்பி ஏதேனும் எழுத்தை ஒவ்வொரு குறியாகப் பிரித்து வரையுமானால், "தொக்கு" என்ற சொல்லில் "த" தனியே நிற்க, அடுத்ததாக ஒரு புள்ளி வட்டத்தின் இருபுறமும் கொம்பும் காலும் வந்து உட்கார்ந்துவிடும். எஸ்விஜி கோப்பில் (படத்தைப் புள்ளிகளாக அன்றி வடிவங்களாகவும் எழுத்துகளாகவும் சேமிக்கும் கோப்பு வகை) சொல் முழுவதையும் உலாவியே கோப்பதால் இந்தச் சிக்கல் எழாது. எதைப் பயன்படுத்தினாலும் முதலில் "தொக்கு", "கோ", "கௌ" ஆகியவற்றைத் தட்டச்சு செய்து சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: எஸ்விஜி கோப்பில் எழுத்துருவின் பெயர் மட்டுமே இருக்கும், எழுத்துரு இருக்காது. அச்சகக் கணினியில் அது இல்லாவிட்டால் லேபிள் வேறு முகத்தோடு வரும். ஆகவே இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருளில் திறந்து எழுத்துகளைப் பாதைகளாக (அதாவது, எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவங்களாக) மாற்றிய பிறகே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்; அதற்குமுன் மாற்றாத மூலப்படியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அடுத்த முறை விலையைத் திருத்த முடியாது.

தொக்குக்காரி

மிக்க நன்றி. அச்சகத்தார் தந்த பழைய கோப்பிலிருந்து சேர்மானப் பட்டியலை நகலெடுத்து ஒட்டினேன். தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில் – பென்னாகரம் அச்சுக்கோப்பு

கெடவில்லை. பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் அடித்திருக்கிறார்கள்; நம் பக்கத்து அச்சகங்களில் இன்றும் அது வழக்கம்தான். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மாற்றியில் இட்டு, இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றுங்கள். பட்டியல் சிறியதென்றால் புதிதாகத் தட்டச்சு செய்வதே விரைவு.

பதில் – காவேரிப்பட்டணத்தான்

ஒரு கூடுதல் தகவல்: உணவுப் பொருள் லேபிளின் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். ஆகவே இலத்தீன் எழுத்துகளும் சேர்ந்தே உள்ள முக்த மலர் உங்களுக்குப் பொருத்தம். ரூபாய்க் குறி யூனிகோடில் சேர்ந்தது 2010இல்தான். அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அந்த இடத்தில் வெறும் கட்டம் வரக்கூடும், விலை வரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.